அயலாருக்காக எரியும் விளக்கு

ஊர்தியின் முகப்புப் பலகையில் எஞ்சின் வடிவில் மஞ்சள் விளக்கொன்று எரியக் கண்டதும், நம்முள் எழும் முதற் கேள்வி 'எவ்வளவு செலவாகும்?' என்பதே. வண்டியோ வழக்கம்போல் ஓடுகிறது, இழுவை குறையவில்லை, ஓசையும் மாறவில்லை. பின் ஏன் இவ்விளக்கு? விடை காண அதன் பிறப்பை அறிய வேண்டும்.

நச்சுப் புகையால் அல்லலுற்ற கலிபோர்னியா மாநிலம், மாசுக் கட்டுப்பாட்டு உறுப்புகளை ஊர்தியே கண்காணிக்க வேண்டுமென 1988ஆம் ஆண்டு வண்டிகள் முதல் விதித்தது. 1996இல் அதன் செம்மையான வடிவம் அமெரிக்கா முழுமைக்கும் வந்தது. சென்னை உள்ளிட்ட நம் பெருநகரங்களில் 2010இல் பாரத் ஸ்டேஜ் 4 விதிகளோடு அது நுழைந்தது. ஆக, இவ்விளக்கு முதன்மையாக ஓட்டுநரின் வசதிக்காகப் பிறந்ததன்று. தெருவில் செல்வோரின் மூச்சுக்காகப் பிறந்தது. வண்டி நன்றாக ஓடும்போதும் அது எரியக் காரணம் இதுவே: துன்புறுபவர் பெரும்பாலும் வண்டிக்கு வெளியே இருக்கிறார்.

பணிமனையில் ஸ்கேனரை இணைத்தால் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் தோன்றும். 'பி' என்பது எஞ்சினையும் கியரையும் சார்ந்த குறை. ஆயினும் குறியீடு அறிகுறியைச் சொல்லுமேயன்றி நோயை முடிவாகச் சொல்லாது. 'பி 0420' என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததாகக் கணினி ஐயுறுகிறது. விலைமிகுந்த அவ்வுறுப்பை உடனே மாற்றச் சொல்வோர் உண்டு. புகைக்குழாயின் சிறு கசிவோ, பழுதான ஆக்சிஜன் சென்சாரோ கூட அதே எண்ணைத் தரக்கூடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் கொரட்டூர்த் தெருக்கள் மூழ்கியதைக் கண்டவர்கள், நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பின் அருமையை அறிவர். அத்தகைய நாளுக்கென்றே நம் பங்கு இல்லத்திலும் ஒரு டீசல் ஜீப் நிற்கிறது. வெள்ளமோ சில நாள்தான்; ஏனைய நாள்களில் அது பாடிக்கும் அம்பத்தூருக்குமாகச் சில கிலோமீட்டரே ஓடும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி பெரும்பாலும் உண்டு. ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில்தான் அக்கரி எரிந்து தீரும். குறுகிய ஓட்டத்தில் அவ்வெப்பம் கிட்டுவதில்லை. ஒருநாள் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் காட்டியது 'பி 2463': வடிகட்டியில் கரி மிகுந்துவிட்டது.

"ஃபாதர், வடிகட்டியையே எடுத்துடலாம். லைட்டும் எரியாதபடி கம்ப்யூட்டர்ல மாத்திடலாம். செலவு கம்மி" என்றார் ஒரு மெக்கானிக். பங்கின் பணம் எளிய மக்களின் காணிக்கை. 'செலவு கம்மி' என்ற சொல் நம் செவியில் இனிமையாகவே விழுந்தது. ஆனால், வடிகட்டி பிடித்துவைத்த கரி இனி எங்கே போகும்? பள்ளி விடும் வேளையில் தெருவில் நடந்துவரும் சிறாரின் நுரையீரலுக்கன்றோ! அம்மக்களின் காணிக்கையை மிச்சப்படுத்தி, அவர்தம் பிள்ளைகளுக்குக் கரியை வழங்குவது சிக்கனமாகுமா? மேலும், வண்டியின் அமைப்பை இவ்வாறு மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

எனவே, கூடுதல் செலவேயாயினும், சென்சாரையும் குழாய்களையும் சோதித்த பின், ஸ்கேனரின் துணையால் கரியைப் பணிமனையிலேயே எரிக்கச் செய்தோம். இப்போது அருகிலுள்ள பணிகளுக்கு நடையும் இருசக்கர வண்டியும். தொலைவுப் பயணங்களைச் சேர்த்துவைத்துப் புறவழிச்சாலையில் ஜீப். எஞ்சின் சூடேறுகிறது; விளக்கு மீண்டும் எரியவில்லை.

பாட்டரி இணைப்பைக் கழற்றி மாட்டினாலும் பல வண்டிகளில் விளக்கு அணையும். ஆனால் நினைவு அழியுமே தவிரக் குறை நீங்காது. சில நாள் ஓட்டத்தில் அதே எண் திரும்பி வரும். ஆதலால் அன்பர்களே, அழிக்குமுன் அந்த எண்ணை எழுதித் தரக் கேளுங்கள். அது எதைச் சுட்டுகிறது, நம் வண்டியால் எவருக்குத் தீங்கு என்பதையும் கேளுங்கள். செலவைப் பற்றிய கேள்வி அதன் பின் வரட்டும்.