வீரத்துக்கு வகுப்பு உண்டா?

யுத்த களத்தில் பதக்கம் வாங்கியவனைப் பற்றி எழுதுவதென்றால் கதாசிரியர்களுக்கு எப்போதுமே உற்சாகம்தான். கொடி இருக்கிறது, முரசு இருக்கிறது, எதிரி கண்ணெதிரே நிற்கிறான். நிலக்கரிச் சுரங்கத்தில் இவை ஒன்றும் கிடையாது. இருட்டும் தண்ணீரும் விஷக்காற்றும்தான். அங்கே பதக்கம் வாங்கியவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், கதைகளில் வரும் கதாநாயகர்கள் மீது எனக்குக் கொஞ்சம் சலிப்பு ஏற்பட்டுவிடுகிறது.

பிரிட்டனில் ஆல்பர்ட் பதக்கம் என்று ஒன்று இருந்தது. 1866-ல் ஏற்படுத்தியது. கடலில் உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு மட்டுமே அது உரியது. தரையில் எத்தனை பேரைக் காப்பாற்றினாலும் கிடையாது. அந்த விதியை மாற்ற வைத்தவர்கள் வேல்ஸ் தேசத்துச் சுரங்கத் தொழிலாளிகள்.

1877 ஏப்ரல் 11. ரோண்டா பள்ளத்தாக்கில் டைனெவித் சுரங்கத்துக்குள், பக்கத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த பழைய சுரங்கத்தின் தண்ணீர் உடைத்துக்கொண்டு பாய்ந்தது. 14 பேர் உள்ளே அகப்பட்டுக்கொண்டார்கள். மேல்நோக்கிச் செல்லும் சில வழிகளின் நுனியில் காற்று அடைபட்டு நின்று, தண்ணீரை ஏறவிடாமல் தடுத்தது. அந்தக் காற்றுதான் அவர்களுக்கு உயிர். அதுவே எமனும் ஆயிற்று. முதலில் ஐந்து பேர் இருக்குமிடம் தெரிந்து, இப்புறத்திலிருந்தவர்கள் கரிச்சுவரில் துளை போட்டார்கள். அடைபட்ட காற்று சீறி வெளிவந்த வேகத்தில் ஓர் இளைஞன் அந்தத் துளையிலேயே சிக்கி மாண்டான். மற்ற நால்வரும் பிழைத்தார்கள்.

இன்னும் ஐந்து பேர் வேறோரிடத்திலிருந்து சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் சிறுவன். அவர்களிடம் போய்ச் சேர 30 கஜத்துக்கு மேல் கரியை வெட்டியாக வேண்டும். முதல் துளையில் நடந்தது வெட்டியவர்களுக்குத் தெரியும். கடைசிச் சுவர் உடையும்போது தங்களுக்கு என்ன ஆகலாம் என்பதும் தெரியும். தெரிந்தே வெட்டினார்கள். பத்தாம் நாள் ஐந்து பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

விக்டோரியா ராணியின் சர்க்கார், பதக்கத்தைத் தரைக்கும் உரியதாக்கியது. 25 பேருக்குக் கிடைத்தது. நால்வருக்கு முதல் வகுப்பு. 21 பேருக்கு இரண்டாம் வகுப்பு!

ரயிலில் வகுப்பு இருக்கலாம். ஒரே இருட்டில் முறை வைத்து உழைத்தவர்களின் தைரியத்தை எந்தத் தராசில் நிறுத்தார்களோ! முதல் வகுப்பு பெற்றவர்களில் டேனியல் தாமஸ் என்பவர் ஒரு சுரங்க முதலாளி. முதலாளி ஆயிற்றே, அதனால்தான் என்று யாராவது முணுமுணுத்திருந்தால், 1884-ல் அவர்கள் வாயடைத்துப் போயிருக்கும். பெனிகிரெய்க் என்ற ஊரில் சுரங்கம் வெடித்தபோது, பிறரைக் காப்பாற்ற இறங்கிய தாமஸ் விஷவாயுவில் மாண்டு போனார். பதக்கம் வாங்கியாயிற்று, போதும் என்று அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை.

நம் தேசத்துக்கு வருவோம். 1989 நவம்பர் 13-ம் தேதி, வங்காளத்து ராணிகஞ்சில் மகாவீர் சுரங்கத்தில் இதே போல் பழைய வெட்டிடத்தின் தண்ணீர் புகுந்தது. 71 பேர் சிக்கினார்கள். ஆறு பேர் இறந்தார்கள். ஜஸ்வந்த் சிங் கில் என்ற இன்ஜினீயர், மேலிருந்து ஆள் நுழையுமளவு துளை போட்டு, எஃகுக் கூண்டு ஒன்றைச் செய்வித்துத் தாமே அதில் இறங்கினார். 65 பேரையும் ஒவ்வொருவராக மேலே அனுப்பிய பிறகே தாம் ஏறினார். 1991-ல் ஜனாதிபதி ஆர். வெங்கட்ராமன் அவருக்கு சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்கத்தை வழங்கினார். அந்தப் பதக்கத்துக்கும் மூன்று படிகள் உண்டு!

போகட்டும். என் மனத்தை உறுத்துவது வேறு. 112 வருஷ இடைவெளியில் இரண்டு இடங்களிலும் வந்தது, மனிதன் தோண்டிவிட்டு மறந்த குழியின் தண்ணீர். அது எங்கே தேங்கியிருக்கிறது என்று அளந்து, வரைபடத்தில் குறித்து, "இதற்கு மேல் வெட்டாதே" என்று சொல்லும் சர்வேயருக்கு யாரும் பதக்கம் தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அவர் தம் வேலையைச் சரியாகச் செய்தால் விபத்து இல்லை, வீரன் இல்லை, எழுதக் கதையும் இல்லை. கதை எழுதிப் பிழைக்கிறவன் சொல்கிறேன்: அந்த நஷ்டம் எனக்குச் சம்மதம்தான்.