மலைத்தடம் – 7: முப்பது முழம்

சென்ற இதழைக் கள்ளக்குறிச்சி மரச்சிற்பிகளின் பட்டறையில் முடித்திருந்தேன். மறுநாள் விடியலில் கச்சிராயபாளையம் வழியாக மலைக்குப் போகும் பேருந்தில் ஏறினேன். கார்த்திகை முதல் வாரம். மூன்று நாள் விடாமல் பெய்த மழை முந்தைய இரவுதான் ஓய்ந்திருந்தது. கோமுகி அணையில் செந்நிறத் தண்ணீர் கரை தொட்டு நின்றது. பெரியார் அருவியில் பேருந்து நிற்கவில்லை. சன்னல் வழியே சாரல் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. கரியாலூரில் ஒரு தேநீர். வெள்ளிமலையில் இறங்கியபோது மணி ஒன்பதரை. கடைத்தெருவில் எதிர்ச்சாரிக் கடைகளின் பெயர்ப்பலகை தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருந்தது.

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகளுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. தமிழ் பேசும் பழங்குடிகள் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்களே சொல்லும் வழிவழிக் கதை. நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1976இல்தான் இந்த மலை ஜாகீர்தார்கள் கையிலிருந்து அரசின் கைக்கு வந்தது. இன்று வெள்ளிமலை ஒரு வட்டத்தின் தலைமையிடம். அலுவலகங்கள், உண்டு உறைவிடப் பள்ளி, மரவள்ளிக் கிழங்கு ஏற்ற நிற்கும் லாரிகள், வாசலில் நீல நைலான் கயிற்றைச் சுருள் சுருளாகத் தொங்கவிட்ட கடைகள்.

அந்த நைலான் சுருள்களைப் பார்த்தபடியேதான் நண்பருக்காகக் காத்திருந்தேன். மலையில் ஆசிரியர் வேலை பார்ப்பவர். தன் மாணவி ஒருத்தியின் வீட்டில், அடுப்புக்கு மேலே கயிற்றால் பின்னிய சின்னச் சின்னக் கூடைகளில் விதை தொங்குவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். மூங்கில் கூடை என்றால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். கயிற்றுக்கூடை என்றார். அதுவும் அந்த வீட்டு ஆயாவே திரித்த கயிறு.

சாமை அறுத்த கொல்லைகளின் ஊடாக ஒரு மணி நேரம் நடந்தோம். வரப்புகளில் சாமைத்தாள் போர் போராக நின்றது. வேலி ஓரமெல்லாம் ரயில் கற்றாழை. மெக்சிகோவில் பிறந்த செடி. ரயில் பாதைகளுக்கு வேலியாக நட்டதால் நம் ஊரில் இந்தப் பெயர். அதன் மடல் நுனி முள் என் சட்டையை ஒரு இடத்தில் கிழித்தது.

ஆயாவுக்கு எண்பதுக்குக் குறையாது. திண்ணையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நாங்கள் வந்த காரணத்தை நண்பர் சொன்னதும் வீட்டுக்குள் கையைக் காட்டினார். உள்ளே புகை படிந்த இருட்டு. அடுப்புக்கு நேர் மேலே, விட்டத்திலிருந்து ஏழெட்டுக் கூடைகள். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. புகை குடித்துக் குடித்துக் கருத்துப்போய், தொட்டால் மெழுகு போல வழுக்கின. ஒன்றில் அவரை, ஒன்றில் மொச்சை, ஒன்றில் பூசணி விதை. புகை படுகிற இடத்தில் வண்டு வராது.

“சாமை வெதயும் இதுலதானா ஆயா?” என்று கேட்டேன்.

“சாமைய இதுல போட்டா நெலத்துல ஒழுகிரும் கண்ணு. அது சொரக் குடுக்கைல.” மூலையில் வாய் அடைத்த சுரைக்குடுக்கை ஒன்று தொங்கியது. எந்தப் பாண்டத்துக்கு எந்த விதை என்பதில் அந்த வீட்டுக்குக் குழப்பமே இல்லை.

கற்றுத் தருவாரா என்று கேட்டதற்கு அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “மழ விட்டிருக்கு, பட்ட நல்லா வரும்” என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்குப் பின்னால், அவர்கள் பட்டா நிலத்தின் விளிம்பில் ஒரு ஆத்தி மரம். சோழர்கள் சூடிய பூ இந்த ஆத்திப்பூதான். அந்த மரத்தின் பட்டை கயிறாகும் என்பதை அன்றுதான் என் கண்ணால் பார்த்தேன். கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கிளையை மட்டும் கொடுவாளால் சீவினார். மழை குடித்த கிளையின் பட்டை, வாழைப்பழத் தோல் போல நுனிவரை ஒரே இழுப்பில் வந்தது. மேல்தோலைச் சுரண்டி எறிந்துவிட்டு உள்பட்டையைக் கிழித்துத் தோளில் போட்டுக்கொண்டார். அடிமரத்தில் அவர் கத்தி படவே இல்லை. சுற்றிப் பட்டை உரித்தால் மரம் செத்துப்போகும். கிளை போனால் மறு மழைக்குத் துளிர்க்கும்.

அதற்கு நாலடி தள்ளி ஒரு புதர். காய்களைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: வலம்புரிக்காய். நாட்டு மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள், கைக்குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் அந்தத் திருகிய காய். ஒவ்வொரு காயும் ஐந்து இழை சேர்த்து முறுக்கிய கயிற்றுத் துண்டு போலவே இருக்கும். சில காய் வலப்பக்கம் முறுக்கியிருக்கும், சில இடப்பக்கம். அதனால் வலம்புரி என்றும் இடம்புரி என்றும் பெயர். காயே கயிறாக முறுக்கிக்கொள்ளும் இந்தச் செடியின் பட்டையிலும் உறுதியான நார் இருக்கிறது. ஆயா அதிலும் இரண்டு குச்சி வெட்டிக்கொண்டார்.

கூடைக்கு ஏன் மூங்கில் இல்லை என்று கேட்கலாம்; அதனால் மூங்கில் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். 1927ஆம் ஆண்டின் வனச் சட்டம் புல்லினத்தைச் சேர்ந்த மூங்கிலை மரம் என்று எழுதி வைத்தது. வெட்ட, எடுத்துப்போக, எல்லாவற்றுக்கும் அனுமதி. காட்டில் வாழ்பவர்களுக்கு அது சிறுவனப் பொருள் என்ற உரிமை 2006 வன உரிமைச் சட்டத்தில்தான் எழுத்தில் வந்தது; காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரப் பட்டியலிலிருந்து நீங்கியது 2017இல். இத்தனை காலமும் வேலிக் கற்றாழைக்கும் கொல்லை ஆத்திக்கும் யாரும் சீட்டுக் கேட்டதில்லை. கயிற்றுக்கூடை இந்த வீட்டில் தங்கிப்போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கற்றாழை மடலை நான் அறுத்தேன். பலகையில் வைத்து மரக்கட்டையால் அடித்து, மழுங்கிய கத்தியால் சதையை வழித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று நார். பத்து நிமிடத்தில் முழங்கை வரை அரிப்பு எடுத்தது. பச்சைக் கற்றாழைச் சாறு அப்படித்தான் செய்யும். ஆயாவின் பேத்தி கொஞ்சம் புளியைக் கரைத்துக் கொண்டுவந்தாள். சேனைக்கிழங்கு அரிந்த கைக்குச் செய்கிற அதே வைத்தியம். அரிப்பு அடங்க மதியம் ஆனது.

அலசி நிழலில் உலர்த்திய நாரை, திரிக்கும் முன் மறுபடி நனைத்தார்கள். “காஞ்ச நாரு சொன்ன பேச்சு கேக்காது.”

இனி திரிப்பு. நார்க் கற்றையை நடுவில் மடிக்கக் கூடாது; ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் வர மடிக்க வேண்டும். மடிப்பை இடக்கையில் பிடி. அதிலிருந்து பிரியும் இரண்டு பக்கமும் இரண்டு புரி. உன்னிடமிருந்து தள்ளி இருக்கும் புரியை வெளிப்பக்கமாக முறுக்கு. முறுக்கியதை, மற்றப் புரிக்கு மேலாக உன் பக்கம் கொண்டுவா. இப்போது மற்றது தள்ளிப் போயிருக்கும். அதை முறுக்கு, கொண்டுவா. இவ்வளவுதான். தனிப் புரி ஒரு திசையில் முறுக்கேறி அவிழத் துடிக்கும். இரண்டும் சேர்ந்து எதிர்த்திசையில் பின்னிக்கொள்வதால் ஒன்றின் துடிப்பை மற்றது பூட்டிவிடும். கையை விட்டாலும் கயிறு பிரியாது. ஒரு புரி மெலியும்போது அதில் புது நார் வைக்க வேண்டும். நடுவில் மடிக்காததன் காரணம் அங்கேதான் விளங்கியது: இரண்டு புரியும் ஒரே இடத்தில் தீர்ந்தால், இரண்டு ஒட்டும் ஒரே இடத்தில் விழும். கயிறு அறுவது அந்த இடத்தில்தான்.

இந்த எதிர்முறுக்குக்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. பிரான்சின் தென்கிழக்கில் அப்ரி து மாரா என்று ஒரு பாறை ஒதுங்கிடம். அங்கே கிடைத்த கல்கருவி ஒன்றில் ஆறு மில்லிமீட்டர் நீளக் கயிற்றுத் துணுக்கு ஒட்டியிருந்ததை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. திரித்தவர்கள் நியாண்டர்தால் மனிதர்கள். மரத்தின் உள்பட்டை நார்; மூன்று புரி; ஒவ்வொரு புரியும் ஒரு திசையில், சேர்த்து முறுக்கியது எதிர்த் திசையில். கூடைக்கு இதைவிட இளைய சாட்சி: ஸ்பெயினில் அல்புன்யோல் ஊருக்கு அருகே வௌவால் குகையில் கிடைத்த புல் கூடைகள் ஏறத்தாழ 9,500 ஆண்டுப் பழமை என்று 2023இல் கணக்கிட்டார்கள். கயிறு மூத்தது, கூடை இளையது என்று இந்த இரண்டையும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நாரும் புல்லும் மக்கிப்போகிறவை, மிஞ்சியது கொஞ்சம். ஆனால் ஆயா கூடையின் குறுக்குக் கயிறுகளுக்காக ஆத்தி நாரில் மூன்று புரி போட்டபோது, அந்த ஆறு மில்லிமீட்டர்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதே எதிர்முறுக்கு.

பொய் சொல்கிறவனைக் கயிறு திரிக்கிறான் என்கிறோம். அன்று மாலைக்குப் பிறகு அந்தச் சொல்லை என்னால் முன்போல் சொல்ல முடியவில்லை. நான் எங்கே அசந்தேனோ அங்கே என் கயிறு தடித்திருந்தது. எங்கே அவசரப்பட்டேனோ அங்கே மெலிந்திருந்தது. ஆயா விரல்களால் வருடியே கண்டுபிடித்தார். எட்டு முழத்தை அவிழ்த்து என் மடியில் போட்டார். திட்டவில்லை. “மறுபடி” என்றார்.

அவர் கெண்டைக்காலில் உருட்டித் திரிப்பார். உள்ளங்கை ஒரு தடவை முன்னே போனால் இரண்டு புரியும் முறுக்கேறும். பின்னே வந்தால் இரண்டும் சேர்ந்துகொள்ளும். ஒரு முழத்துக்கு மூன்று, நான்கு உருட்டல். எனக்கு விரலால் ஒரு முழம் திரிக்க ஐந்து நிமிடம். ஒரு கையளவுக் கூடைக்கு ஏறக்குறைய முப்பது முழம் வேண்டும். திண்ணை, கொல்லை, பாறை, மாடு மேயும் இடம் என்று எங்கே போனாலும் இடுப்பில் நாரோடு போய், கிடைத்த நேரத்தில் திரித்துச் சேர்க்கிற வேலை இது. வீட்டுக்குள் உட்கார்ந்து செய்ததாக அவருக்கு நினைவே இல்லை.

மறுநாள் பின்னல். ஆத்திக் கயிற்றுத் துண்டுகள் எட்டு. நான்கின் மேல் நான்கு, கூட்டல் குறி போல. அதன் நடுவில் கற்றாழைக் கயிறு இரண்டை இணையாக ஓட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே, ஒவ்வொரு குறுக்குக் கயிற்றையும் தாண்டும்போது இரண்டும் இடம் மாற வேண்டும். இரண்டு சுற்று நான்கு நான்காக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு ஒவ்வொன்றாகப் பிரித்தால் அடி தட்டையாக விரியும். அடி முடிந்ததும் கவிழ்த்த கொட்டாங்குச்சி மேல் போட்டு, அதன் வடிவத்துக்கே பின்னிக்கொண்டு வர வேண்டும். மூங்கில் பத்தை தானே நிமிர்ந்து நிற்கும். கயிறு துவளும். முதல் ஆறு சுற்று வரை அது கூடையாகும் என்று நம்பவே முடியாது. ஏழாம் சுற்றிலோ எட்டாம் சுற்றிலோ பின்னலின் இறுக்கமே சுவராக எழுந்து நின்றது. என் கைக்குள் அது விறைத்த கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைப் பேத்தி பார்த்துவிட்டாள்.

அவளுக்குப் பதினான்கு வயது. பிளாஸ்டிக் ஒயர்க்கூடை நன்றாகப் பின்னுவாள். நாரில் திரிக்கத் தெரியாது. நைலான் வந்து கெடுத்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆயாவின் மருமகன் சொன்ன கணக்கு வேறு: முன்பு கொல்லை முழுக்கச் சாமை, தினை, கேழ்வரகு, இடையே அவரை, மொச்சை. எல்லாம் வீட்டுக்கு வரும், வீட்டிலேயே இருக்கும். அதற்கு ஏனம் வேண்டும். இப்போது பாதிக்குமேல் மரவள்ளி. பிடுங்கிய அன்றே லாரியில் ஏறி ஜவ்வரிசி ஆலைக்குப் போய்விடும். அடுத்த போகத்துக்கு நடுவதும் அதன் குச்சியைத்தான். விதை சேமிக்காத பயிருக்கு விதைக்கூடை எதற்கு? அந்தக் கிழங்கு தரும் பணத்தில்தான் பேத்தி படிக்கிறாள் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். நான் மறுத்துப் பேசவில்லை. அவரைக்கொடி அந்த வீட்டு வேலியில் இருக்கும்வரைதான் அடுப்புக்கு மேலே கூடை இருக்கும் என்று மட்டும் புரிந்தது.

சாயங்காலம் வாய் கட்டினோம். மிஞ்சிய குறுக்குக் கயிறுகளை ஒவ்வொன்றாகப் பக்கத்துக் கயிற்றின் பின்னால் மடித்து உள்ளே செருகினால் விளிம்பு தடித்து நிற்கும். என் கூடை ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆயா அதைக் கையில் வாங்கி, இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டு அகட்டிப் பார்த்தார். ஒட்டு எதுவும் நெகிழவில்லை. எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது அதில் அவரை விதை கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.

“ஆடில ஊனு கண்ணு. கொடி ஏறக் கயிறு கேக்கும். அதுக்குள்ள நல்லா திரிக்கக் கத்துக்க.”

(பயணம் தொடரும்)