கப்பலும் கையெழுத்தும்

பழைய தைல ஓவியத்தைக் கண்டால் ஈரத் துணியால் துடைக்கக் கை பரபரக்கிறதா, சகோதரிகளே? அமெரிக்காவில், பாஸ்டனில் என் பெண் வீட்டில் நானும் அப்படித்தான் கிளம்பினேன். மாப்பிள்ளை பதறிப் போய்த் தடுத்தார்.

படத்தில் கிளாஸ்டர் துறைமுகம். கரையோரம் கட்டி நிற்கும் மீன்பிடிக் கப்பல்கள். மூலையில் எமில் குருப்பேயின் கையெழுத்து. 1978-ல் மறைந்த அவர், அந்தத் துறைமுகத்தைத் தீட்டியே பேர் பெற்றவர். அந்தப் பேரை நம்பித்தான் மாப்பிள்ளை கைச் சேமிப்பைப் போட்டு வாங்கியிருந்தார்.

மதிப்பிட வந்த பெரியவர் முதலில் படத்தின் முதுகைப் பார்த்தார். துணியும் ஆணியும் பழசுதான். பிறகு அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைக் காட்டினார். பழைய வார்னிஷ் பச்சையாக ஒளிர்ந்தது. கையெழுத்து மட்டும் அதன் மேல் கறுப்பாக நின்றது.

"பெயர் பிற்பாடு யாரோ எழுதியது" என்றார்.

மாப்பிள்ளை வாயடைத்துப் போனார். என் பெண்தான், "கப்பல் நேற்றுப் போலத்தானே நிற்கிறது!" என்று படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டினாள்.

ஈரத் துணியோடு நான் இன்னும் அந்தப் பக்கம் போவதில்லை.