ஒஸாக்கா கடைவீதியில் ஒரு நாள்

ஜப்பான் நாட்டின் பெருநகரங்களுள் ஒன்று ஒஸாக்கா. டோக்கியோ அரசாங்கத்தின் நகரம் என்றால், ஒஸாக்கா வணிகர்களின் நகரம் என்று அந்நாட்டார் கூறுவர். அந்நகரின் தென்பகுதியில் ஷின்சாய்பாஷி, டோத்தோன்போரி, நாம்பா என்று அடுத்தடுத்து மூன்று இடங்கள் இருக்கின்றன. பெயர்கள் மூன்றாயினும் நடந்து செல்வோருக்கு அது ஒரே கடைவீதிதான். 2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், மே மாதம் 5ஆம் நாள், அவ்வீதியை நடந்து பார்க்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது. தோழியரே, அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இங்கு எழுதுகிறோம். ஒஸாக்காவின் புகழ்பெற்ற கோட்டையையும் பார்த்தோம். அதைப் பற்றி நூலகத்தில் படித்துக் கொள்ளலாம்.

நாங்கள் என்பது உடன்பிறந்தோர் மூவர். பத்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் படிக்கும் அக்காள் தங்கை இருவர். நான்கு வயது நிறையாத தம்பி ஒருவன். எங்கள் தந்தையார் ஒஸாக்காவுக்குத் தெற்கே சாக்காய் என்னும் நகரில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் விமானம் ஏறியபோது தம்பிக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அன்று முதல் அவனுக்கு அப்பா என்றால், மாலைதோறும் அம்மாவின் கைப்பேசியில் தெரியும் முகந்தான். விமான நிலையத்தில் அப்பா ஓடிவந்து தூக்கப் போனபோது, அவன் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்து கொண்டான். வீட்டுக்கு வந்ததும், "போன்ல அப்பாவைக் காட்டுங்க" என்று கேட்டான். "இதோ நிக்கிறாரேடா உங்கப்பா" என்று அம்மா சொன்னால், "இது மாமா" என்றான். எங்களுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தபின் வரவில்லை.

ஏப்ரல் கடைசியிலும் மே முதலிலும் ஜப்பானில் பல விடுமுறைகள் சேர்ந்தாற்போல் வரும். அதைத் 'தங்க வாரம்' என்கிறார்கள். அதன் கடைசி விடுமுறை மே 5, குழந்தைகள் தினம். 1948ஆம் ஆண்டு முதல் அது அரசாங்க விடுமுறை. அன்று ஞாயிற்றுக்கிழமையாகவும் இருந்தது. காலைத் திருப்பலிக்குப் பின், அப்பா எங்களை அழைத்துக்கொண்டு கிளம்பினார். "இவ்வளவு கூட்டத்திலே குழந்தையைக் கூட்டிட்டுப் போகணுமா?" என்று அம்மா தயங்கினார்கள். அப்பாவோ, "எனக்கு லீவு இன்னைக்கும் நாளைக்கும்தான்" என்றார்.

சாக்காயிலிருந்து நாம்பாவுக்கு ரயிலில் சிறிது நேரந்தான். அங்கிருந்து சுரங்க ரயிலில் ஒரே ஒரு நிறுத்தம் வடக்கே சென்று ஷின்சாய்பாஷியில் இறங்கி, தெற்கு நோக்கி நடந்தபடியே நாம்பாவுக்குத் திரும்பிவிடுவது என்பது அப்பாவின் திட்டம். கால் ஓய்ந்துபோகும் நேரத்தில் வீட்டு ரயில் எதிரே நிற்க வேண்டுமல்லவா! அங்கே 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெரியவர்களோடு இலவசமாகச் செல்லலாம். 6 முதல் 11 வரை பாதிக் கட்டணம். எங்களில் இளையவளுக்கு வயது 12 தாண்டிவிட்டபடியால் முழுக்கட்டணம் கேட்டார்கள். அவளுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. நகரும் படிக்கட்டில் எல்லோரும் வலப்பக்கம் நின்றார்கள். டோக்கியோவில் இடப்பக்கம் நிற்பார்களாம். ஒஸாக்காக்காரர்கள் எதிலும் தனிவழிக்காரர்கள் என்று அப்பா சிரித்தார்.

ஷின்சாய்பாஷி நிலையம் 1933ஆம் ஆண்டு, அந்நகரின் முதல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கியபோதே கட்டப்பட்டது. தூண்கள் இல்லாமல் வில்லாக வளைந்த உயர்ந்த கூரை. நாங்கள் கூரையைப் பார்த்து வியந்து நிற்க, தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரையில் மஞ்சள் நிறக் கற்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. சிலவற்றில் நீண்ட கோடுகள், சிலவற்றில் வட்டப் புடைப்புகள். அவன் அதன்மேல் ரயில் ஓட்டத் தொடங்கிவிட்டான். அப்பா அவன் எதிரில் முழந்தாளிட்டு உட்கார்ந்து, "இது கண்ணு தெரியாதவங்க நடக்கிற பாதை. கோடு இருந்தா நடக்கலாம். புள்ளி வந்தா நிக்கணும். காலாலேயே தெரிஞ்சுக்குவாங்க" என்று சொன்னார். மியாக்கே செய்இச்சி என்பவர் கண்டுபிடித்து, 1967ஆம் ஆண்டு ஒக்காயாமா நகரில் முதன்முதலாகப் பதித்த கல் இது. இன்று உலகின் பல நாடுகளில் ரயில் நிலையங்களில் இருக்கிறது. நாம் தினமும் மிதித்துப் போனாலும் ஏனென்று கேட்பதில்லை.

தம்பி, "மாமா சொல்றது நெசமா?" என்று அம்மாவிடம் கேட்டான். பின் கண்களை இறுக மூடிக்கொண்டு நடக்க ஆரம்பித்தான். கூட்டமில்லாத மூலை அது. அப்பா அவனுக்கு முன்னால், பின்புறமாக அடிமேல் அடி வைத்து நடந்தார், தொடவில்லை. புள்ளிக்கல் காலில் பட்டதும் அவன் டக்கென்று நின்று கண்ணைத் திறந்தான். கையைக் கொடுப்பான் என்று எதிர்பார்த்தோம். கொடுக்கவில்லை. ஆனால் அதன்பிறகு மஞ்சள் கல்லை எங்கு கண்டாலும் "கோடு", "புள்ளி" என்று அப்பாவைப் பார்த்துத்தான் கத்தினான்.

மேலே வந்தால் ஷின்சாய்பாஷி வீதி. ஏறக்குறைய 600 மீட்டர் நீளம். வீதி முழுவதற்கும் கூரை. மழையும் வெயிலும் உள்ளே வரா, வண்டிகளும் இல்லை. மனிதத் தலைகள் மட்டுமே! திருவிழாவில் தேர் இழுக்கும் கூட்டந்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒருவரும் ஒருவரை இடிக்கவில்லை என்பது வியப்பு. இப்பெயரில் 'பாஷி' என்பது பாலம். 1622ஆம் ஆண்டளவில் ஒக்காதா ஷின்சாய் என்னும் வணிகர் இங்கிருந்த கால்வாயின்மேல் கட்டிய பாலம் அது. 1960களில் கால்வாயைத் தூர்த்துவிட்டார்கள். பாலமும் போயிற்று, நீரும் போயிற்று, பெயர் மட்டும் கடைவீதிக்கு நிலைத்தது.

அவ்வீதியில் தாய்மாரு என்றொரு பெரிய அங்காடி இருக்கிறது. 1726ஆம் ஆண்டு முதல் அவ்வீதியில் வணிகம் செய்து வருகிறது. இதன் பழைய கட்டடம் 1933இல் முடிந்தது. 2019இல் புதிதாகக் கட்டியபோது பழைய வெளிச்சுவரைச் சிதைக்காமல் காத்திருக்கிறார்கள். வாயிலின்மேல் தோகை விரித்த மயில் ஒன்று. நம் நாட்டுப் பறவை இங்கேயும் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி. உள்ளே 9ஆம் மாடியில் பொக்கிமான் பொம்மைகளுக்கென்றே ஒரு கடை. அங்கே நாங்கள் எவ்வளவு நேரம் நின்றோம் என்பதை இங்கு எழுதாமல் விடுவதே நல்லது. அம்மாவுக்கு வேறொன்று பிடித்தது. பெண்கள் கழிவறைக்குள்ளேயே சுவரில் கைக்குழந்தையை உட்கார வைக்க ஒரு சிறு இருக்கை பொருத்தியிருந்தார்கள். "இதைக் கண்டுபிடிச்சவங்க பிள்ளை வளர்த்தவங்களாத்தான் இருக்கணும்" என்று அம்மா அன்று மூன்று முறை சொன்னார்கள்.

குழந்தைகள் தினமாதலால் கடைகளில் துணியாலும் காகிதத்தாலும் செய்த கெண்டை மீன்கள் தொங்கின. மேலே உள்ள பெரிய கறுப்பு மீன் தகப்பன், அடுத்த சிவப்பு மீன் தாய், கீழே உள்ள சிறு மீன்கள் பிள்ளைகள் என்பது வழக்கம். நூறு யென் கடையில் சிறிய காகித மீன் கொடி ஒன்று வாங்கினோம். இளையவள் ஒரு நூறு யென் நாணயத்தைப் பெருமையாக நீட்ட, வரியோடு 110 யென் என்று கேட்டார்கள். 2019 முதல் அங்கே பத்து விழுக்காடு விற்பனை வரி. 'நூறு யென் கடை என்று பெயர் வைப்பானேன்' என்று அவள் வழிநெடுக முணுமுணுத்தாள்.

கூரை முடிந்ததும் எபிசு பாலம். கீழே 1615ஆம் ஆண்டு வெட்டி முடிக்கப்பட்ட டோத்தோன்போரி கால்வாய். எதிர்க்கரையில், இரு கைகளையும் உயர்த்தி ஒற்றைக் காலில் ஓடும் வீரனின் மாபெரும் விளக்குப் படம். அது கிளிக்கோ என்னும் மிட்டாய் நிறுவனத்தின் விளம்பரம். 1922இல் வெளிவந்த அந்தக் கேரமல் மிட்டாயில், சிப்பியிலிருந்து எடுத்த சத்தைச் சேர்த்தார்களாம். ஒரு மிட்டாய் தின்றால் 300 மீட்டர் ஓடலாம் என்பது அவர்கள் பேச்சு. 1935இல் முதன்முதல் அங்கே ஓடத் தொடங்கிய வீரன், இடையில் போர்க்காலத்தில் காணாமற்போனான். இப்பொழுது நிற்பது 2014இல் வைத்த ஆறாவது படம். பாலத்தின்மேல் அத்தனை பேரும் அவனைப்போல் ஒற்றைக் காலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாட்டிமார்கூட! நாங்களும் நின்றோம்.

பாலத்தைக் கடந்ததும் பொரித்த எண்ணெயும் குழம்பும் கலந்த மணம். உடுத்தே கெடுவது கியோத்தோ, உண்டே கெடுவது ஒஸாக்கா என்று அந்நாட்டில் ஒரு வழக்கு உண்டு. அங்கே தக்கோயாக்கி என்னும் பண்டத்தைச் சுடுகிறார்கள். அதைப் பார்த்ததும், "அட, நம்ம குழிப்பணியாரக் கல்!" என்று அம்மா கூவிவிட்டார்கள். அதே குழிகள், அதே குச்சியால் திருப்பும் வித்தை. உள்ளே மட்டும் சாக்குக்கணவாய்த் துண்டு. மேலே சூரை மீனைக் கருவாடாக்கி இழைப்புளியில் சீவியதுபோல் மெல்லிய சீவல்களைத் தூவுகிறார்கள். மாசிக் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்று சொல்லலாம். சூட்டில் அவை நெளிந்து ஆடும். 1930களில் இந்நகரில் பிறந்த பண்டமாம் இது. அதற்காக அம்மாவும் நாங்கள் இருவரும் வரிசையில் நின்றோம். தம்பி வரிசையில் நிற்கச் சம்மதிக்கவில்லை. அப்பாவுக்குச் சற்றுத் தள்ளி, கைக்கெட்டாத தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அப்பொழுதுதான் அவன் நண்டைப் பார்த்தான். அங்கே ஒரு நண்டு உணவகத்தின் முகப்பில், 1962 முதல் ஒரு பெரிய நண்டுப் பொம்மை இருக்கிறது. ஓர் ஆளைவிடப் பல மடங்கு பெரியது. அதன் கால்கள் மெல்ல அசையும், கண்களும் அசையும். தம்பி தலை நிமிர்ந்தான். நண்டு அவனை நோக்கிக் காலை நீட்டியது. அவன் வீரிட்ட சத்தம் வரிசையில் நின்ற எங்களுக்குக் கேட்டது. அம்மா ஓடுவதற்குள், அவன் தனக்கு அருகில் இருந்த ஒரே காலைக் கட்டிப்பிடித்து, மரத்தில் அணில் ஏறுவதுபோல் ஏறிவிட்டான். அது அப்பாவின் கால். அப்பா அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, அசையாமல் நின்றார். நண்டின் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அங்கே நின்ற ஒரு வயதான அம்மையார், தம் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து, "அமேச்சான்" என்று தம்பியிடம் நீட்டினார். ஒஸாக்காப் பாட்டிமார் பையில் மிட்டாய் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார்களாம். மனிதரை அன்பாக விளிக்கும் 'சான்' என்னும் சொல்லை மிட்டாய்க்கும் சேர்ப்பார்கள். பிறகு அவர் அப்பாவைச் சுட்டிக்காட்டி, தம்பியிடம், "பாப்பா?" என்று கேட்டார். ஜப்பானியக் குழந்தைகள் தந்தையை அப்படியும் அழைப்பதுண்டு. தம்பிக்கு அது தெரியுமா? இவ்வளவு பெரிய மனிதரைப் போய்ப் பாப்பா என்கிறாரே என்று அழுகையை நிறுத்திவிட்டு அந்த அம்மையாரை விழித்துப் பார்த்தான்.

"பாப்பா இல்லே. அப்பா!" என்றான்.

அந்த அம்மையாருக்கு என்ன புரிந்ததோ, "ஓஓ, அப்பா, அப்பா" என்று தலையாட்டிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா தக்கோயாக்கித் தட்டோடு வந்து நின்றார்கள். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. சூரைச் சீவல் மட்டும் தட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

அதன்பின் பார்த்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோடு போட்ட சட்டையும் கூம்புத் தொப்பியுமாக முரசடிக்கும் கோமாளிப் பொம்மையைக் கண்டோம். 1950 முதல் ஓர் உணவகத்தின் வாயிலில் முரசடித்தது. உணவகம் 2008இல் மூடப்பட்டுவிட்டது. பொம்மைக்கு ஓய்வில்லை, அருகிலேயே வேறொரு கட்டடத்தின் முன் முரசடிக்கிறது. குப்பைத் தொட்டிகள் அரிதாகையால் வெறுந்தட்டை வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம். அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து, கையில் மீன் கொடியோடு தம்பி வந்தான். அந்த உயரத்திலிருந்து அவனுக்கு எங்களைவிட அதிகம் தெரிந்திருக்கும். ஆயினும் ரயிலில் தூக்கக் கலக்கத்தில், "அப்பா மாமா, தண்ணி" என்று கேட்டான். அப்பா உடனே கொடுத்தார்.

மறுநாளும் அப்பாவுக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை நாங்கள் எழுவதற்கு முன்பே வேலைக்குப் போய்விட்டார். உணவு இடைவேளையில் கைப்பேசியில் அழைத்தார். தம்பி திரையருகே முகத்தை வைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டான்: "அப்பா, சாயங்காலம் வருவீங்களா?"

"ஆறரைக்கு வந்துடுவேன்" என்றார் அப்பா. அவ்வாறே வந்தார்.

மே மாதக் கடைசியில் நாங்கள் ஊர் திரும்பினோம். அப்பாவின் வேலை ஒப்பந்தம் முடிய அப்பொழுது இன்னும் ஓராண்டு இருந்தது. மீன் கொடி எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறது; கறுப்பு மீனில் சிறிது கிழிந்துவிட்டதை ஒட்டி வைத்திருக்கிறோம். மாலையில் கைப்பேசி ஒலித்தால் தம்பிதான் முதலில் ஓடுகிறான். "ஆறரைக்கு வருவீங்களா?" என்று கேட்கிறான்.