கட்டளை போனது, பெற்றோல் போனதா?

லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கத்துக் கராஜ் ஒன்றில். "தம்பி, திறப்பை ஒரு படி திருப்பு. ஸ்டார்ட் பண்ணாதை." பின்சீட்டுக்கு அடியில், டாங்குக்குள் பெற்றோல் பம்பின் உறுமல் இரண்டு மூன்று விநாடி கேட்கவேண்டும். பஸ் ஓடும் தெருவில் அது காதில் விழாது. காரில் சொருகும் ஸ்கேனரில் பம்ப் சோதனையை அழுத்தினால் கொஞ்ச நேரம் தொடர்ந்து ஓடும், ஆறுதலாகக் கேட்கலாம்.

எல்லா ஸ்கேனரும் இதைச் செய்யாது. 2001இல் ஐரோப்பாவின் புதிய பெற்றோல் கார்களுக்குக் கட்டாயமானது 16 முனைச் சொருகியும் புகை சம்பந்தப்பட்ட தகவலும்தான். பம்பை ஓட்டிப் பார்ப்பது கார்க் கம்பனியின் தனி ஏற்பாடு.

திரையில் பம்ப் 'ஓன்' என்று வருகிறதா? அது காரின் கம்ப்யூட்டர் இட்ட கட்டளை மட்டுமே. வயர் அறுந்திருந்தாலும் 'ஓன்'தான். பழைய கார்கள் பலவற்றில் பெற்றோல் அழுத்தத்தை அளக்கும் சென்சரே கிடையாது. கேஜ் மாட்டித்தான் பார்க்கவேண்டும். சாதாரண இன்ஜெக்ஷனுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 பார்.

சென்சர் உள்ள காரில் பி0087 என்ற பிழை எண் வந்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் பகிரும் ரெயில் குழாயில் அழுத்தம் குறைவு. அடைத்த ஃபில்டரும் அதே எண்ணைத்தான் தரும். எண்ணைப் பார்த்ததும் பம்ப் வாங்க ஓடுகிறவர்களிடம் காசு நிறைய இருக்கிறது போலும்.

எனக்குப் பிடித்தது ஃபியூவல் ட்ரிம். பெற்றோலைக் கம்ப்யூட்டர் எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற கணக்கு. நின்றபடி ஓடும்போது சரியாக இருந்து, மிதிக்க மிதிக்க 20 சதவீதம் ஏறினால் பெற்றோல் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். காற்றுக் கசிவென்றால் தலைகீழ்: நிற்கும்போது கூடும், மிதித்தால் இறங்கும். லண்டனின் 20 மைல் வேகத் தெருக்களில் சோர்ந்த பம்ப் மாட்டவே மாட்டாது. ஸ்கேனரைச் சொருகியபடி ஏ13 பெருந்தெருவில் ஏறவேண்டும். திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

2018 மே மாதத்திலிருந்து, இஞ்சின் லைட் எரிந்தால் 2003 ஜூலையிலோ அதன்பிறகோ பாவனைக்கு வந்த பெற்றோல் கார் எம்ஓடி என்ற வருடாந்தச் சோதனையில் ஃபெயில். அதனால் சிலர் முதல்நாள் இரவே பிழையை அழித்துவிடுகிறார்கள். பிழை வந்த வேளையின் வேகம், சுமை, சூடு எல்லாம் அதோடு அழிகின்றன. மெக்கானிக்குக் கிடைத்த ஒரே சாட்சியும் போச்சு.

புகை கூடிய பழைய வாகனங்களிடம் கட்டணம் அறவிடும் யூலெஸ் 2023 ஆகஸ்ட் 29இல் லண்டன் முழுக்க வந்தது. 2006 பெற்றோல் கார் பெரும்பாலும் தப்பிவிடும், நாளுக்கு 12.50 பவுண் மிச்சம். அப்படிப்பட்ட காருக்குப் புதுப் பம்ப் போடுவது நட்டமில்லை.

பம்பின் சூட்டைத் தணிப்பது டாங்கில் உள்ள பெற்றோல்தான். பத்துப் பவுணுக்கு அடித்து ஓடுகிறவர்கள் கவனிக்க.

பழைய ஃபோர்ட் சிலவற்றில் கால் வைக்கும் பக்கம் ஒரு சுவிட்ச் உண்டு. விபத்தில் பம்பை நிறுத்துவதற்கு. கேர்பில் பலமாக இடித்தாலும் சிலவேளை அது விழுந்து பம்ப் நின்றுவிடும். பெற்றோல் மணம் இல்லையென்றால் முதலில் அதை அழுத்திப் பார்க்கலாம், ஸ்கேனர் பிறகு.