அப்பாவுக்குக் கால் போடுவது எப்படி?

எனக்குப் படம் வரைய வராது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் நான் போட்ட யானையைப் பார்த்து டிராயிங் மாஸ்டர், "டீ கெட்டில் பிரமாதம்டா, ஆவி மட்டும் பறக்க விட்டுடு" என்று பாராட்டியிருக்கிறார்.

அப்படிப்பட்ட நான் ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு எங்கள் ஃபிளாட்ஸின் கார் பார்க்கிங்கில் பாய் விரித்து உட்கார்ந்து, 11 வாண்டுகளுக்கு காமிக்ஸ் போடக் கற்றுத் தருகிறேன்.

நீங்கள் சிரிப்பது கேட்கிறது. தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் இந்த உத்தியோகத்துக்கு வரையத் தெரியாததுதான் முதல் தகுதி என்பது என் கட்சி. வரையத் தெரிந்த வாத்தியார் என்ன செய்வார்? "இப்படிக் கொடு" என்று பென்சிலைப் பிடுங்கி மூக்கைத் திருத்துவார். மூக்கு அழகாகிவிடும், கதை அவருடையதாகிவிடும். என்னிடம் அந்த ஆபத்தே இல்லை. நான் பென்சிலைத் தொட்டாலே வாண்டுகள் பதறிப்போய்த் தடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு முன்னுதாரணம்கூட உண்டு. ஜெனீவாவில் ரொடோல்ஃப் டோப்ஃபர் என்று ஒரு வாத்தியார் இருந்தார். அப்பா ஓவியர். மகனுக்கும் ஓவியராகத்தான் ஆசை. கண் கோளாறு கெடுத்துவிட்டது. விடுதிப் பள்ளி நடத்தப் போனவர், பையன்களும் நண்பர்களும் சிரிக்கட்டுமே என்று கட்டம் கட்டமாகக் கோட்டுப் படம் போட்டு, அடியில் கதை எழுதினார். ஜெர்மன் மகாகவி கதே அதைப் பார்த்து ரசித்தார். 1830களில் அவை அச்சேறின. காமிக்ஸுக்குத் தாத்தா யார் என்று கேட்டால் இன்றைக்குப் பலரும் அவரைத்தான் கைகாட்டுகிறார்கள். ஆக, தொழிலை ஆரம்பித்துவைத்ததே ஓவியராக முடியாமல் போன ஒரு வாத்தியார்தான்!

என் முதலீடு, எங்கள் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து வீணாகும் ஏ4 தாள்கள். மேனேஜரிடம் கேட்டுத்தான் எடுத்து வருகிறேன். "பேரு, நம்பர் இல்லாத தாளா பாத்து எடுங்க" என்றார். நியாயம்.

தாளை நீளவாக்கில் ஒரு மடிப்பு, குறுக்கே ஒரு மடிப்பு, மறுபடி குறுக்கே இன்னொரு மடிப்பு. பிரித்தால் எட்டுக் கட்டம். நீளவாக்கு மடிப்பின் மேல், நடுவில் உள்ள இரண்டு கட்டத்தின் நீளத்துக்கு மட்டும் கத்தரியால் ஒரு வெட்டு. பிறகு நீளவாக்கிலேயே மடித்து, இரண்டு முனைகளையும் உள்பக்கமாகத் தள்ளினால் வெட்டு வாயைப் பிளக்கும். அப்படியே சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் ரெடி. பின்னும் வேண்டாம், பசையும் வேண்டாம். விசேஷம் என்னவென்றால், எட்டுப் பக்கமும் தாளின் ஒரே பக்கத்தில் வந்துவிடும். மறுபக்கத்து டிரையல் பேலன்ஸ் சமர்த்தாக உள்ளே ஒளிந்துகொள்ளும். தாளைப் பிரித்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்தால் ஒரு பிரதி இரண்டு ரூபாய். எங்கள் தெருமுனை ரேட்.

பாடத்திட்டத்தில் மூன்றே மூன்று பாடம்.

முதல் பாடம்: வசனத்தை முதலில் எழுது, பலூனை அப்புறம் போடு. மாற்றிச் செய்தால் 'காப்பா' பலூனுக்குள் இருக்கும். 'ற்றுங்கள்' பக்கத்தில் நிற்கும் வில்லன் தலையில் உட்கார்ந்துகொள்ளும். தமிழ் எழுத்துக்கு இடம் தாராளமாக வேண்டும். இடம் போதாமல் தவித்து, ஒரு வாண்டு நாலு வரி வசனத்தை "ஐயோ!" என்று சுருக்கிவிட்டது. கதை பிய்த்துக்கொண்டு ஓடியது. எங்கள் ஆபீஸ் சர்க்குலர்களையும் பலூனுக்குள்தான் எழுத வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் தேவலை.

இரண்டாவது: மூன்று தினுசு புருவம், மூன்று தினுசு வாய். மாற்றி மாற்றிப் போட்டால் ஒன்பது முகம். கோபம், பயம், திருட்டு முழி எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆளை அடையாளம் காட்ட ஒரு குடுமியோ, கட்டம் போட்ட சட்டையோ போதும். எல்லாக் கட்டத்திலும் அதை மறக்காமல் போட வேண்டும், அவ்வளவுதான்.

மூன்றாவது, சந்து. அதாவது, ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடம். காமிக்ஸைப் பற்றிக் காமிக்ஸாகவே ஒரு புத்தகம் போட்டார் அமெரிக்காவின் ஸ்காட் மெக்ளவுட், 1993ல். அதில் இந்தச் சந்துக்கென்றே ஒரு தனி அத்தியாயம். எங்கள் கிரவுண்ட் ஃப்ளோர் பாப்பா அந்த அத்தியாயத்தை ஒரே கரண்டியில் முடித்துவிட்டாள். முதல் கட்டத்தில் அம்மா கரண்டியை ஓங்குகிறாள். அடுத்த கட்டத்தில் பையன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

"அடி எங்கம்மா?"

"அது நடுவுல விழுந்துடுச்சு அங்கிள்."

கதாநாயகர்கள் விஷயத்தில்தான் ஆரம்பத்தில் சிக்கல். 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. பிறப்பால் வெள்ளைக்காரர், வளர்ந்ததெல்லாம் நம் வீட்டுப் பரண்களில். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பழைய பிரதிகளை வாடகைக்கு வாங்கிப் படித்த ஞாபகத்தில், கதையை ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் மோட்டார் ரூம் சுவிட்ச் போர்டையே உற்றுப் பார்ப்பதைக் கவனித்தேன். "தம்பி, கரண்ட்ல கை வெச்சா நாமளும் மாயமாயிடுவோம். திரும்பி வரத்தான் முடியாது" என்று சொல்லி அன்றைய வகுப்பை அவசரமாக முடித்தேன்.

மறுவாரம் அவன் 'இரும்புக்கால் பாட்டி'யோடு வந்தான். முட்டி ஆபரேஷன் செய்துகொண்ட அவன் சொந்தப் பாட்டி! ரேஷன் கடையில் வரிசையை மீறி நுழைகிறவர்களை ஓர் உதை. தொபுக்கடீர்! எதிர்சாரி மாவு மில்லில் போய் விழுகிறார்கள். பாட்டி நாலு பிரதி வாங்கிக்கொண்டார்.

இதற்கிடையில் ஒரு அப்பா என்னை லிஃப்ட்டில் மடக்கினார். "இதனால மார்க் கூடுமா சார்?"

"கூடாது சார்."

"அப்புறம் எதுக்கு?"

லிஃப்ட் மூன்றாவது மாடியில் நின்றுவிட்டதால் தப்பித்தேன். அவருக்கான பதில் இரண்டாவது மாடியில் இருந்தது.

அந்தப் பையனுக்கு எட்டு வயசு. அப்பா சிங்கப்பூரில், கப்பல் பட்டறையில் வெல்டர். ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. பையன் அதிகம் பேசமாட்டான். ராத்திரி வீடியோ காலில் அப்பா கூப்பிட்டால், "ம்", "சாப்ட்டேன்", "படிச்சேன்". மூன்றே வசனம். உடனே செல்லை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். "அவரு அங்க மூஞ்சி வாடிப் போயிடறாருண்ணா" என்று அவன் அம்மா என் மனைவியை வைத்துக்கொண்டு ஒரு நாள் சொன்னார்.

அவன் போட்ட முதல் புத்தகத்தில் அம்மா, தங்கச்சி, வாட்ச்மேன், தெருநாய் எல்லாம் முழு உருவம். அப்பா மட்டும் ஒரு சின்னச் செவ்வகத்துக்குள், மார்பு வரைக்கும். அந்தச் செவ்வகம் அவனோடு பள்ளிக்கூடம் போகிறது. பீச்சுக்குப் போனால் மணலில் செருகி வைத்திருக்கிறான்.

நான் விசாரணை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாரிடமும் கேட்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன். "அடுத்த கட்டத்துல என்ன?"

ரொம்ப நேரம் பென்சிலைக் கடித்தான். "அப்பா வெளிய வர்றாரு அங்கிள்" என்றான். இன்னும் கொஞ்சம் கடித்தான். "ஆனா கால் எப்படிப் போடறது? செல்லுல கால் தெரியாதே. அங்க அப்பா ஷூ போடுவாரா, செருப்பா?"

எனக்குத் தொண்டையில் என்னவோ செய்தது. சமாளித்துக்கொண்டு, "எனக்கெப்படிடா தெரியும்? அப்பாவையே கேளு" என்றேன்.

கேட்டிருக்கிறான். அப்பா அங்கே செல்லைத் தரையில் வைத்துக் காலைக் காட்டியிருக்கிறார். அதோடு விடவில்லை. மறுநாள் ஒரு தாளில் பால்பாயிண்ட் பேனாவால் தன் ஷூவை வரைந்து, போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். நுனியில் அம்புக்குறி போட்டுக் குறிப்பு வேறு: 'உள்ளே இரும்புத் தகடு. பாரம் விழுந்தாலும் அப்பா விரல் நசுங்காது.'

இரும்பு! போதாதா? இரண்டு மாடிப் பையன்களும் கூட்டணி வைத்துவிட்டார்கள். 'இரும்புக்கால் பாட்டியும் இரும்பு ஷூ அப்பாவும்' இப்போது நாலாவது பாகம் ஓடுகிறது. அப்பா எல்லாக் கட்டத்திலும் ஷூவோடுதான் இருக்கிறார். கடலில் குளிக்கும்போதும் ஷூ. பாயில் தூங்கும்போதும் ஷூ. யாரும் திருத்தக் கூடாது என்பது என் உத்தரவு.

அதைவிட முக்கியம், ராத்திரி வீடியோ கால். அடுத்த கட்டம் போட வேண்டுமென்றால் விவரம் வேண்டுமே. கிரேன் எத்தனை மாடி உயரம்? ஹெல்மெட் என்ன கலர்? ரூமில் எத்தனை கட்டில்? கப்பலுக்கு அடிப்பக்கம் எப்படி இருக்கும்? "இப்பல்லாம் எங்கிட்ட செல்லே வர்றதில்லண்ணா" என்று அவன் அம்மா புகார் சொல்கிறார். சிரித்துக்கொண்டேதான். பிரதி ஒன்று தபாலில் சிங்கப்பூருக்குப் போயிருக்கிறது.

லிஃப்ட்டில் மடக்கியவரை அடுத்த முறை நானே மடக்கினேன். "மார்க் கூடாது சார். ஆனா பேச்சு கூடுது." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெண் 12வது ஆளாகப் பாயில் வந்து உட்கார்ந்தாள்.

நீங்களும் செய்யலாம். அக்கா பையன், அண்ணன் பெண், எதிர் ஃபிளாட் வால் என்று யாராவது கிடைக்காமல் போக மாட்டார்கள். ஒரு தாள், ஒரு கத்தரி, ஒரு பென்சில் போதும். வேலை இரண்டே இரண்டு. "அடுத்த கட்டத்துல என்ன?" என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் கொஞ்சம் கஷ்டம்.