திருக்கடையூர் போன அம்பாஸிடர்

எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்கள் உண்டு. என் மாமியார், என் கணவர், 1964-ம் வருஷத்து அம்பாஸிடர் கார். இது வயசு வரிசை. மரியாதை வரிசைப்படி சொல்வதானால் கார்தான் முதலில் வரும்!

கார் என் மாமனார் வாங்கியது. 1985-ல் அவருக்கு அறுபது நிறைந்தபோது இதே காரில்தான் திருக்கடையூர் போய்ச் சஷ்டியப்தபூர்த்தி செய்துகொண்டார். ஆகவே 2023 தை மாதம் என் கணவருக்குப் பீமரத சாந்தி என்று நிச்சயமானதும், "ரயிலில் போகலாமே" என்ற என் யோசனை எடுபடவில்லை. தொண்ணூறு வயசு மாமியாரும் பிள்ளை கட்சியில் சேர்ந்துவிட்டார். "அவர் உட்கார்ந்து போன வண்டியிலே இவனும் போக வேண்டாமா?" என்றார். அதற்கு மேல் நான் வாய் திறப்பேனா?

ஆனால் நாலு டயரும் மொட்டை. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனோம். சென்னை அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் அந்தச் சாலையில், உளுந்து வடையை அடுக்கினாற்போல டயர்களை அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாம் இன்றைய கார்களுக்கு! எங்களுக்கு வேண்டியது 5.90-15. அதாவது ஏறக்குறைய ஆறங்குல அகலம், பதினைந்து அங்குல ரிம். உத்தர்பாராவில் 1957-ல் பிறந்த அம்பாஸிடர் 2014-ல் உற்பத்தி நின்று போனது. டயர் மட்டும் தாராளமாகக் கிடைக்குமா?

ஏழெட்டுக் கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு பெரிய கடையில், "இருக்கிறது, உட்காருங்கள்" என்றார்கள். குளுகுளு அறை, காப்பி வேறு வந்தது. கம்ப்யூட்டரில் எங்கள் காரின் பெயரைத் தேடிய பையன் உதட்டைப் பிதுக்கினான்.

"அங்கிள், பேசாமல் ட்யூப்லெஸ் போட்டுக்கொள்ளுங்களேன்!"

"இந்த ரிம்முக்கு அது ஆகாதப்பா. டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இதில் கிடையாது. ட்யூப்தான் வேண்டும்" என்றார் இவர். அந்த மட்டில் வெற்றி. அந்தச் சந்தோஷத்தில் காப்பியை ருசித்துக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார். வெளியே காற்றுத் துப்பாக்கி 'டர்ர்' என்று நட்டுகளை முடுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எங்களுடைய தவறு அந்தக் காப்பிதான் என்று பிறகல்லவா தெரிந்தது!

கடற்கரைச் சாலைப் பிரயாணத்தைப் பற்றி என்ன சொல்ல! மாமல்லபுரம் தாண்டி, கல்பாக்கம் தாண்டி, மரக்காணத்தில் உப்பளங்கள் வெள்ளை வெளேரென்று வெயிலில் மின்னின. பின் ஸீட்டில் மாமியார், பக்கத்தில் நான், மடியில் புளியோதரைத் தூக்கு. புதுச்சேரி வந்தது, கடலூரும் வந்தது. "அவர் 1985-லே இங்கேதான் நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார்" என்று மாமியார் நாலு இடத்தைக் காட்டினார். நாலு இடத்திலும் இளநீர் குடித்தோம்.

புதுச்சத்திரத்தை நெருங்கும்போது கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பின் சக்கரத்தில் காற்று போய்விட்டது.

"ஸ்டெப்னி இருக்கிறதே, பத்தே நிமிஷம்!" என்றார் இவர். இந்த 'ஸ்டெப்னி' என்ற சொல்லின் கதை தெரியுமோ? வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் உள்ள ஸ்டெப்னி தெருவில் 1904 வாக்கில் மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயரை நாம் இன்னும் டிக்கியில் சுமந்துகொண்டிருக்கிறோம்.

பத்து நிமிஷம் அரை மணியாயிற்று. நட்டு அசையவில்லை! ஸ்பானர் மேல் ஏறி நின்று பார்த்தார். எழுபது வயசில் நடு ரோட்டில் அவர் குதித்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. மறுநாள் காலை முகூர்த்தம். மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்த ஸ்தலத்துக்குப் போகிற வழியிலா இப்படி?

சற்றுத் தள்ளி, புளியமரத்தில் ஒரு பழைய டயர் தொங்கிற்று. அதில் சுண்ணாம்பால் 'பஞ்சர்' என்று எழுதியிருந்தது. ஓடினேன். கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், முப்பது வருஷமாக அங்கேயே இருக்கிறாராம். எல்லாரும் சேட்டா என்று கூப்பிடுகிறார்கள். ஒரு நீண்ட இரும்புக் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதை ஸ்பானர் பிடியில் செருகி ஒரே அழுத்து! 'கிறீச்' என்று நட்டு விட்டுக்கொடுத்தது.

"துப்பாக்கி வச்சு முறுக்கியதாணு ஸார். பழைய வண்டிக்குக் கையாலே முறுக்கணும்" என்றார்.

ட்யூபை உருவியதும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே போட்டிருந்தது அளவில் பெரிய ட்யூப். டயருக்குள் மடிந்து கிடந்திருக்கிறது. மடிப்பு உராய்ந்து உராய்ந்து ஓட்டை. பவுடர்கூடப் போடவில்லை. பிறகு டயரின் பக்கவாட்டில் ஒரு சின்னக் கட்டத்தைத் தொட்டார். '2117' என்றிருந்தது. "2017-ம் வருஷம் 21-வது வாரம் செய்த டயர், அம்மா. புதுசு என்று சொன்னார்களோ?"

இவர் முகத்தில் ஈயாடவில்லை. ஐந்தரை வருஷம் கடையில் தூங்கிய டயரைப் புதியதென்று தலையில் கட்டியிருக்கிறார்கள்!

அப்போது காருக்குள்ளிருந்து மாமியார் மெல்லச் சொன்னார்: "உங்க அப்பா டயர் கடையிலே உட்காரவே மாட்டார்டா. சக்கரத்துப் பக்கத்திலேயே நிற்பார். நான்கூட, மனுஷருக்கு என்மேல் இல்லாத கரிசனம் அதன்மேல் என்று கோபித்துக்கொள்வேன். பின் ஸீட்டிலே நானும் நீங்களும் இருந்தோம் என்பதற்காகத்தான் நின்றிருக்கிறார். இப்போதுதான் புரிகிறது."

ஒருவரும் பேசவில்லை. சேட்டா ரிம்மின் துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்தார். சரியான அளவு ட்யூபுக்குப் பவுடர் தடவிப் போட்டார். நட்டுகளை நாம் நட்சத்திரக் கோலம் போடுவதுபோல ஒன்று விட்டு ஒன்றாகக் கையால் முறுக்கினார். இவர் அவர் பக்கத்திலேயே, சக்கரத்தை விட்டு அசையாமல் நின்றார். "ஐம்பது கிலோ மீட்டர் போனதும் இன்னொரு தடவை முறுக்கிப் பாருங்கள்" என்று சேட்டா சொன்னதை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டார்.

கூலி அதிகமாகக் கொடுத்தோம், வாங்கவில்லை. மாமியார் தூக்கைத் திறந்து, "புளியோதரையாவது சாப்பிடு தம்பி" என்றார். அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கொள்ளிடம் பாலம் தாண்டும்போது இருட்டிவிட்டது. சீர்காழியில் ஒரு விளக்குக் கம்பத்தடியில் இறங்கி, இவர் சீட்டைப் பார்த்து நட்டுகளைச் சரிபார்த்தார். மறுநாள் அபிராமி சந்நிதியில் எல்லாம் நல்லபடியாக நடந்தது. ஊர் திரும்பியதும் பில்லை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனோம். முகத்தைச் சுளித்துக்கொண்டே டயர்களை மாற்றிக் கொடுத்தார்கள்.

"காப்பி சாப்பிடுங்கள் அங்கிள்" என்றான் பையன்.

"இங்கேயே கொண்டு வந்துவிடு தம்பி" என்றார் இவர், சக்கரத்தின் பக்கத்தில் நின்றபடியே.